பாட்டி கேட்டது வெல்லம், கைப்பேசி தந்தது வெள்ளம்

தெம்பனிஸ் வீட்டில் பொங்கலுக்குச் சாமான் பட்டியல் போட, என் பாட்டி கைப்பேசியிடம் பேசிப் பார்த்தார். “வெல்லம் ரெண்டு கிலோ” என்றார். திரையில் “வெள்ளம் ரெண்டு கிலோ” என்று வந்தது. “நீயே எழுதிக்கொடும்மா” என்று கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டார்.

கடைப் பட்டியல் என்றால் சிரித்துவிடலாம். மருந்தின் பெயரோ வலிக்கும் இடமோ தவறாகப் பதிவானால்?

பேச்சை எழுத்தாக்கும் கணினி, ஏராளமான ஒலிப்பதிவுகளைக் கேட்டே பழகுகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் இங்கு 2.5 விழுக்காட்டினர்தான். அந்த எண்ணிக்கையில் ஆங்கிலம், மாண்டரின் அளவுக்கு உள்ளூர்ப் பதிவுகளைத் திரட்டுவது கடினம்.

இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்ட வல்லவை ஒலிக்கூறுகள். ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல், நாக்கு எங்கே தொடுகிறது, காற்று மூக்கு வழியே செல்கிறதா, குரல்நாண் அதிர்கிறதா என்று கணினி பிரித்துக் கற்கும் முறை இது. லகரத்துக்கும் ளகரத்துக்கும் முக்கிய வேறுபாடு ஒன்றுதான்: ளகரத்தில் நாக்கு பின்னோக்கி வளைகிறது.

மேற்கில் யாக்கப்சன், ஃபான்ட், ஹாலே மூவரும் 1952ல் ஒலிக்கூறுகளை முறைப்படுத்தினர். பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என ஒலி பிறக்கும் இடங்களை நம் தொல்காப்பியப் பிறப்பியல் எப்போதோ வகுத்துவிட்டது.

இம்முறையின் பெரும்பயன், மொழிகள் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கலாம் என்பது. மூக்கொலிகளை மலாய்ப் பதிவிலிருந்தும் கற்கலாம். நாக்கை வளைத்து எழுப்பும் மாண்டரின் ரகரம் நம் ழகரத்துக்கு நெருங்கிய உறவு. நான்கு மொழிகள் புழங்கும் சிங்கப்பூருக்கு இது இயல்பாகவே கைவந்த வசதி.

ஆனால், ஒலிக்கூறு மட்டும் போதாது. “பழம்” என்பதைப் “பளம்” என்போர் நம்மில் பலர். அங்கே கணினி சூழலையும் பார்த்தே சொல்லை முடிவுசெய்ய வேண்டும். ஆங்கிலம் கலந்த பேச்சும் அதற்குப் பழக வேண்டும்.

2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட 70 மில்லியன் வெள்ளி தேசியத் திட்டத்தின்கீழ் உருவான ‘மெராலயன்’ மொழி மாதிரி, தமிழ்ப் பேச்சையும் கற்றுவருகிறது. அது இளையர், செய்தி வாசிப்பாளர்களின் தமிழை மட்டும் கேட்டு வளர்ந்தால் போதாது. பாட்டி பேசும் தமிழும் அதன் காதில் விழவேண்டும். குரல் பதிவுக்கு அழைப்பு வந்தால், வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துச் செல்வோம்.