இருந்தால் வலி, நடந்தால் சுகமா?

தையல் மெஷினின் முன் அரை மணி நேரம் இருந்தாலே ஒரு பக்கப் பிட்டத்தின் நடுவில் குத்துகிறதா? அந்த வலி பின்தொடை வழியாக விறுவிறுத்து இறங்குகிறதா? எழுந்து நாலடி நடந்தால் குறைகிறதா? அப்படியானால் “டிஸ்க் விலகிவிட்டது” என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

பிட்டத்தின் ஆழத்தில் ‘பிரிபோர்மிஸ்’ என்றொரு சிறு தசை இருக்கிறது. அது முள்ளந்தண்டின் அடியெலும்பில் தொடங்கித் தொடையெலும்பின் மேற்பகுதியில் சேர்கிறது. காலுக்குச் செல்லும் பெரிய நரம்பான சியாட்டிக் நரம்பு, பெரும்பாலானோருக்கு இத்தசையின் கீழாகவும், சிலருக்குத் தசையை ஊடறுத்தும் செல்கிறது. தசை இறுகி நரம்பை நெருக்கினால் வலி உண்டாகிறது. 1947இல் ரொபின்சன் என்ற வைத்தியர் இந்நோய்க்குப் பெயரிட்டார்.

இதை உறுதிப்படுத்தத் தனியொரு பரிசோதனை கிடையாது. எக்ஸ்ரேயிலும் தெரியாது. எனவே வைத்தியர் உங்களைப் படுக்க வைத்து, காலை நீட்டியபடி உயர்த்திப் பார்ப்பார். பின்பு முழங்காலை மடித்து, தொடையை மறுபக்கம் சாய்த்து உட்புறமாகத் திருப்புவார். அப்போது வழக்கமான வலி பிட்டத்தில் எழுந்தால், இத்தசைமீது சந்தேகம் வலுக்கும். நாரி, இடுப்பு மூட்டு ஆகியவற்றையும் அவர் சோதிப்பார். தேவைப்பட்டால் டிஸ்க் கோளாறு இல்லையென்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார். ஆகவே வலி எங்கே தொடங்குகிறது, எப்போது கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதை ஒரு தாளில் குறித்துச் செல்லுங்கள். அது வைத்தியருக்குப் பேருதவியாகும்.

பலருக்குச் சத்திரசிகிச்சையின்றியே குணமாகிறது. நீண்ட நேரம் ஒரேயடியாக இருக்க வேண்டாம். ஆண்கள் பின்பொக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்துக்கொண்டு அமர வேண்டாம். தசையைத் தளர்த்தும் பயிற்சிகளைப் பிசியோதெரபி நிபுணரிடம் கற்றுக்கொள்ளுங்கள். வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் தாமாகவே வாங்கி விழுங்குவது இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. காரணம் தெரியுமுன் பலமாக மிதித்து உருவுவதும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் கழிக்க முடியாமை, தொடைகளின் இடைப்பகுதி மரத்தல், பாதம் வலுவிழத்தல் ஆகியவை இத்தசைக் கோளாறின் அறிகுறிகளல்ல. இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். காய்ச்சலோ காரணமற்ற உடல் மெலிவோ வலியுடன் சேர்ந்தாலும் தாமதிக்க வேண்டாம். இடம் இடமாதலால் சொல்ல வெட்கப்பட்டுச் சகோதரிகள் பலர் வலியை மறைக்கிறார்கள். வைத்தியரிடம் வெட்கம் வேண்டாம்.