மடி கட்டிய ஆடும் மடிப்பில் மறைந்த எழுத்தும்

அஸர் தொழுகை முடிந்து வீடு திரும்பினால் ஒரு குவளைத் தேநீரும் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஒன்றும் என்முன் வைக்கப்படும். பாக்கெட்டில் பாதி எனக்கு. மறுபாதி ஆறு வயதுப் பேரனுக்கு. நெடுநாளாக அமைதியாய் நடந்துவந்த இந்தப் பாகப்பிரிவினையில் அண்மையில் ஒரு வழக்கு எழுந்தது. "நன்னா, என் பங்கைக் குறைச்சிட்டீங்க" என்று முறையிட்டான் பேரன். வாரிசுரிமைச் சட்டமாகிய ஃபராயிளை மதரஸாவில் ஆண்டுக்கணக்காகக் கற்பித்துவரும் எனக்கு இதைவிட மானக்கேடு வேறென்ன வேண்டும்?

பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். நிறம் அதே நிறம். படம் அதே படம். விலையும் அதே ஐந்து ரூபாய். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒட்டு மடிப்புக்குள் எறும்பு ஊர்ந்தாற்போல் கிடந்த எழுத்தைப் படித்தேன். அடையாளத்துக்காகக் கிதாபு ஒன்றில் செருகி வைத்திருந்த பழைய உறையையும் எடுத்து அருகில் வைத்தேன். பங்கு குறைந்திருந்தது மெய்தான். ஆனால் குறைத்தவன் நானல்லன். குறைத்தவர் பெயர் உறையின் நெற்றியில் பெரிய எழுத்தில் இருந்தது. அப்பெயரை இங்கு எழுதப்போவதில்லை. இது ஒரு கம்பெனிக்கு மட்டும் வந்த நோயன்று. ஊர் முழுதும் பரவிய தொற்று.

சற்றே சுற்றிப் பாருங்கள். சோப்புக் கட்டியின் அடிவயிறு ஆண்டுக்காண்டு குழிந்துகொண்டே போகிறது. ஷாம்பு உறையில் 'இங்கே கிழிக்கவும்' என்று ஒரு புள்ளிக்கோடு இருக்கும்; அவ்விடம் ஒன்றைத் தவிர மற்றெல்லா இடத்திலும் அது கிழியும். வறுவல் பாக்கெட்டைத் திறந்தால் முதலில் வெளிவருவது காற்று. சரக்கு நொறுங்காமல் இருக்கச் சிறிது காற்று வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். காற்று நொறுங்காமல் இருக்கச் சிறிது சரக்கு வைப்பதைத்தான் ஒப்ப முடியவில்லை. இன்னும் சில கடைகளில், சில்லறை இல்லையென்று ஒரு ரூபாய்க்கு ஈடாக மிட்டாய் தருகிறார்கள். மறுநாள் அதே மிட்டாயை அதே கடையில் நான் நீட்டினால் அது காசாவதில்லை. அவர் கையிலிருந்து வரும்போது நாணயம். என் கையிலிருந்து போகும்போது வெறும் இனிப்பு!

"இவையெல்லாம் அற்ப விஷயங்கள், ஓர் ஆலிம் இவற்றுக்கா பேனா எடுப்பது?" என்று சிரிப்போர் சிரிக்கட்டும். அற்பம் என்கிற அந்தச் சொல்லைப் பற்றியே நான் எழுத வந்தேன்.

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்துக்கு 'அல்முதஃப்பிஃபீன்' என்று பெயர். அளவில் குறைப்போர் என்பது பொருள். பிறரிடமிருந்து வாங்கும்போது நிறைவாக அளந்துகொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துவிடுகிறவர்களுக்குக் கேடு என்று அந்த அத்தியாயம் தொடங்குகிறது. மிட்டாய்ச் சில்லறைக்காரர் இதைக் கவனிக்க வேண்டும். குறைத்துக் கொடுப்பதைச் சொல்ல அரபியில் வேறு சொற்களும் உண்டு. அவ்வாறிருக்க, 'தத்ஃபீஃப்' என்ற இந்தச் சொல் ஏன்? இதன் உறவுச் சொல்லாகிய 'தஃபீஃப்' என்பதற்கு அற்பமானது, சொற்பமானது என்று பொருள். அளவிலும் எடையிலும் இவன் திருடுவது அற்பத்தை மட்டுமே. அதனாலேயே இவனுக்கு 'முதஃப்பிஃப்' என்று பெயர் வந்தது என மொழி நூலார் விளக்குகிறார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை ஊரே துரத்தும். ஒரு பிடியை மட்டும் எடுக்கிறவனை யார் துரத்துவார்? 'போகட்டும், ஒரு பிடிதானே' என்று நாம் சொல்லிவிடுவோம் என்பதுதான் அவன் முதலீடு. எனவே சிறுமை அந்தக் குற்றத்துக்குச் சமாதானம் ஆகாது. சிறுமையே அதன் தந்திரம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சிற்றூரில் நாளொன்றுக்கு ஆயிரம் பாக்கெட் விற்கிறது என்று கொள்வோம். பாக்கெட்டுக்கு 5 கிராம் குறைந்தால் நாளைக்கு 5 கிலோ. ஆண்டுக்கு 1,825 கிலோ. ஒரு சிற்றூரின் 'அற்பம்' இது. நாட்டின் அற்பத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் தெரு மளிகைக் கடை முதலாளி நேர்மையாளர். தராசை ஒருபோதும் தாழ்த்தாதவர். அவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி கூர்மையானது. "ஹஜ்ரத், உறையிலேயே கிராம் போட்டிருக்கு. அளவைச் சொல்லி விற்கிறது எப்படி மோசடியாகும்?" என்றார்.

இதற்கு விடை ஒரு பால் மாட்டிலும் ஆட்டிலும் இருக்கிறது. அக்காலத்து வியாபாரிகளில் சிலர், விற்கப்போகும் ஆட்டைச் சில நாள் கறக்காமல் விட்டு வைப்பார்கள். மடி புடைத்து நிற்கும். வாங்க வருகிறவன் பார்த்து, இது நிறையக் கறக்கும் என்று நம்பி வாங்குவான். விற்பவன் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை, மடிதான் சொன்னது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். அவ்வாறு வாங்கியவன் கறந்து பார்த்தபின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தோடு ஆட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் வழி வகுத்தார்கள். ஹதீஸ் நூல்களில் 'முஸர்ராத்' என்ற பெயரில் வருவது இதுதான். ஏமாற்றுவதற்கு வாய் தேவையில்லை, தோற்றமே போதும் என்பது இதன் பாடம். அதே உயரம், அதே அகலம், அதே படம், அதே விலை. இவை மடி. மடிப்புக்குள் மறைந்த கிராம் எழுத்து, ஆட்டுக்காரன் முணுமுணுத்த வாக்குமூலம். இதே கம்பெனிகள் சரக்கைச் சிறிது கூட்டினால் என்ன செய்கின்றன? 'கூடுதல்! கூடுதல்!' என்று உறை முழுதும் பறையறைகின்றன. கூட்டும்போது கூரைமேல் ஏறிக் கூவுகிறவர், குறைக்கும்போது மடிப்புக்குள் ஒளிவானேன்? அவர் மனச்சாட்சிக்கே விடை தெரியும்.

காவிரி பாயும் இந்த நெல்நாட்டில் அளவைக்கு ஒரு மரியாதை இருந்தது. 360 நெல் ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு உழக்கு. இரண்டு உழக்கு உரி. இரண்டு உரி நாழி. எட்டு நாழி குறுணி என்று வாய்பாடு ஓடும். நெல்மணியையே எண்ணி அடித்தளமாக வைத்த வாய்பாடு இது. 14,400 நெல் ஒரு நாழி. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்ற பெயருடைய மரக்கால் வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அளவைக்குப் பெயர் சூட்டி, அதைக் கல்லிலும் பொறித்து வைத்தார்கள். காரணம் எளிது. அளவைக்கு ஞாபகம் வேண்டும். நேற்றைய மரக்காலும் இன்றைய மரக்காலும் ஒன்று என்ற உறுதி இல்லையேல் அது மரக்காலன்று, வெறும் மரப்பாத்திரம்.

இமாம் அபூஹனீஃபாவின் மாணவர் அபூயூஸுஃப் மதீனாவுக்கு வந்தபோது ஸாஉ என்னும் அளவையைப் பற்றி விவாதம் எழுந்தது. மதீனத்து மக்கள், தந்தை பாட்டன் வழியாகத் தங்கள் வீடுகளில் இருந்துவந்த ஸாஉப் பாத்திரங்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். அவற்றைக் கண்டதும் அம்மேதை தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்று நூல்கள் உரைக்கின்றன. எத்தனை பெரிய செய்தி! வீட்டு அலமாரியில் இருந்த ஒரு பாத்திரம் பேரறிஞர் ஒருவரைத் திருத்தியது. இன்று நம் வீட்டில் அப்படி எது இருக்கிறது? பழைய உறை குப்பைக்குப் போகிறது. அதனோடு பழைய அளவும் போகிறது. நமக்கு ஞாபகம் இராது என்பதுதான் அவர்கள் செய்யும் வாணிபம்.

இவ்விடத்தில் எங்கள் விவசாயியையும் நினைத்துப் பாருங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு அவன் நெல்லைக் கொண்டுபோனால், ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. மழைக்காலத்தில் மத்திய அரசு சற்றுத் தளர்த்தினால் உண்டு. இல்லையேல் சாலையோரத்தில் நெல்லைக் கொட்டிக் காயவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கவேண்டியதுதான். விதி தவறென்று சொல்ல வரவில்லை. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் கண்டு, மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஈரம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் சேற்றில் நின்று நெல் விளைத்தவனிடம் விழுக்காட்டுக் கணக்கில் ஈரம் பார்க்கும் உலகம், அவன் பிள்ளைக்கு விற்கும் பாக்கெட்டில் காற்றுப் பார்க்கவில்லையே! வாங்கும்போது ஒரு கண்டிப்பு, விற்கும்போது ஒரு சலுகை. 83ஆம் அத்தியாயம் கண்டித்த இரட்டை மரக்கால் இதுவேயன்றோ?

சட்டம் இல்லையா எனலாம், இருந்தது. பிஸ்கட், ரொட்டி, தேயிலை, காப்பி, சமையல் எண்ணெய், உப்பு, சோப்பு முதலான 19 பொருள்களை இன்னின்ன எடையில்தான் கட்டி விற்கவேண்டும் என்று ஓர் அட்டவணை, 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளில் இருந்தது. 2021 நவம்பரில் வெளியான திருத்தம் அந்த அட்டவணையை நீக்கிவிட்டது. அதற்கு ஈடாக, ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்று உறையில் அச்சிட வேண்டும் என்றார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு இத்தனை காசு என்று தசமப் புள்ளி வைத்து எழுதினால், களத்துமேட்டிலிருந்து வரும் தாய் அதை எப்படிப் படிப்பாள்? கிலோவுக்கு இன்ன விலை என்று எழுதினால் அவள் ஒரு நொடியில் அறிந்துகொள்வாள்.

விதியின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அதன் உயிரை விட்டுவிடுவதில் நாம் வல்லவர்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்துப் பெயரிட்டு விற்கும் அரிசிக்கு 5 விழுக்காடு வரி வந்தது. உடனே தமிழ்நாட்டுச் சந்தையில் 26 கிலோ அரிசி மூட்டை பிறந்தது! வாங்குகிறவருக்கும் வரி மிச்சம் என்பதால் அதை யாரும் வெறுக்கவில்லை. நானும் ஒன்று வாங்கினேன். ஆயினும் ஒன்று தெளிவாயிற்று. வேண்டுமென்றால் ஒரே வாரத்தில் ஒரு கிலோவைக் கூட்ட இவர்களால் முடிகிறது. கூட்ட முடிந்த கைக்குக் குறைத்ததைச் சொல்லவும் முடியும்.

மறுதரப்பின் நியாயத்தையும் கேட்போம். கோதுமை விலை ஏறுகிறது, சர்க்கரை விலை ஏறுகிறது. ஏழையின் கையில் இருப்பதோ ஐந்து ரூபாய் நாணயம். விலையை ஏழு ரூபாயாக்கினால் அவன் வாங்கமாட்டான் என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு உறையில் அடைத்து விற்ற நாளிலிருந்து, சிறு அளவு என்பது ஏழைக்குத் திறந்த ஒரு வாசல்தான். சிறியதாய் விற்பது குற்றமன்று. சிறியதைப் பெரியதாய்க் காட்டி விற்பதே குற்றம். அளவைக் குறைத்தே தீரவேண்டுமானால் உறையையும் குறையுங்கள். குறைத்தோம் என்று சொல்லுங்கள்.

அப்படி வெளிப்படையாக நடந்தால் வியாபாரம் கெட்டுவிடும் என்பாருக்கு நம் தீப்பெட்டியே மறுமொழி. 2007 முதல் ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டியின் விலையை, மூலப்பொருள்கள் ஏறிவிட்டமையால், 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாக்கினார்கள் சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத்துத் தொழிலகத்தார். நாளைக் குறித்து, முன்கூட்டியே அறிவித்தே ஏற்றினார்கள். குச்சிகளின் எண்ணிக்கையை 36இலிருந்து 50 ஆக உயர்த்துவதாகவும் சொன்னார்கள். நாம் முணுமுணுத்தோம், ஆனால் வாங்கினோம். அடுப்புகள் அணைந்துபோகவில்லை. தீக்குச்சி விற்கிறவருக்கு இருக்கும் துணிவு, தொலைக்காட்சியில் மணிக்கொரு விளம்பரம் செய்யும் பெரிய கம்பெனிகளுக்கு இருக்கக் கூடாதா?

நான் கேட்பது பெரிதன்று. எடை குறைந்தால், குறைந்த நாள் முதல் ஆறு மாதம் வரையில், பழைய எடையையும் புதிய எடையையும் உறையின் முகத்தில், விலை எழுத்தின் பருமனிலேயே அச்சிடவேண்டும். கனவன்று இது. நம் அண்டையிலுள்ள காரைக்காலை ஒரு காலத்தில் ஆண்ட பிரான்சு நாட்டில், 2024 ஜூலை முதல், விலை குறையாமல் அளவு மட்டும் குறைந்த பொருளுக்கு அருகே அறிவிப்பு வைக்கவேண்டும் என்று பெரிய கடைகளுக்கு விதி வந்துவிட்டது. தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரையிடும் பணி நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது. தெருக்கடைக்காரரின் எடைக்கல்லைச் சோதிக்கும் அதே கண்டிப்பு உறைகளின் மடிப்பையும் பிரித்துப் பார்க்கட்டும்.

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அவ்வூர் மக்கள் அளவையில் மிகவும் மோசமாக இருந்தார்கள்; அந்த அத்தியாயம் இறங்கியபின் தங்கள் அளவையைச் செம்மைப்படுத்திக்கொண்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். திருந்திய சந்தைகள் உண்டு. அவை திருந்தியதற்குக் காரணம், அற்பத்தை அற்பம் என்று ஒதுக்காமல் யாரோ எடுத்துச் சொன்னதுதான்.

பேரனின் வழக்கில் தீர்ப்பு வழங்கிவிட்டேன். குறைந்த கிராம் முழுவதையும் என் பங்கிலிருந்து கழித்து அவன் பங்கில் சேர்த்தேன். "இப்ப சரி நன்னா" என்றான். பழைய உறையைக் கிதாபுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். புதிய உறையையும் அதனோடு சேர்த்துவிட்டேன். நீங்களும் வீட்டில் ஒன்றை எடுத்து வையுங்கள். நாளை யாராவது விவாதத்துக்கு வந்தால், மதீனத்து மக்களைப்போல் எடுத்துக் காட்ட நம்மிடமும் ஏதேனும் இருக்கட்டும்.