விஜிஏ கேபிள் செய்யாத குற்றம்

"விஜிஏல ஹெச்டி வராது ப்ரோ." ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் இதைத்தான் சொல்கிறார். பெங்களூரில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கோட் அடிப்பவரும் இதையேதான் சொல்கிறார். கடைக்காரரையாவது மன்னிக்கலாம், அவருக்குப் புது மானிட்டர் விற்க வேண்டியிருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வந்தவர் சொல்லும்போதுதான் எரிச்சலாக இருக்கிறது. ஏனென்றால் இது பச்சைப் பொய். அதைவிட மோசம், வேறு ஒருவரின் குற்றத்தை மறைக்கிற பொய்.

விஜிஏவை ஐபிஎம் 1987-ல் தன் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோடு கொண்டுவந்தது. அன்றைக்கு அது காட்டியது 640க்கு 480 புள்ளிகள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் பலர் இன்றும் பேசுகிறார்கள். கேபிளுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிக் கம்பி. கறுப்பென்றால் பூஜ்ஜியம் வோல்ட், முழு வெளிச்சமென்றால் 0.7 வோல்ட், நடுவில் எல்லா நிறமும். வரி எங்கே முடிகிறது, திரை எங்கே முடிகிறது என்று சொல்ல இன்னும் இரண்டு கம்பி. இந்த அளவுக்கு மேல் போகாதே என்று அதில் யாரும் எழுதி வைக்கவில்லை. 1920க்கு 1080 படத்தை நொடிக்கு 60 தடவை அனுப்ப 148.5 மெகாஹெர்ட்ஸ் போதும். 2000-களின் தொடக்கத்தில் வந்த கிராஃபிக்ஸ் கார்டுகளிலேயே 400 மெகாஹெர்ட்ஸ் அனலாக் வெளியீடு இருந்தது. முதுகு வளைய வளையத் தூக்கிவந்த அந்தக் கால சிஆர்டி மானிட்டர்களில் பெரியவை 2048க்கு 1536 வரைக்கும் காட்டின. ஹெச்டி என்ன, ஹெச்டிக்கு மேலேயே.

குறை இல்லையா? இருக்கிறது. கேபிள் நீளமானால் எழுத்துக்குப் பக்கத்தில் அதன் ஆவி மாதிரி ஒரு நிழல் விழும். மட்டமான கேபிளென்றால் நிறம் வெளுக்கும். 'ஆட்டோ' பட்டனை அமுக்காவிட்டால் படம் நாலு புள்ளி தள்ளி நிற்கும். சத்தத்துக்குத் தனியாக ஒயர் போட வேண்டும். இதெல்லாம் உண்மை. ஆனால் ஒன்றரை மீட்டர் நல்ல கேபிளில், யூடியூப்பில் 1080பி வீடியோவை ஓடவிட்டு மூன்றடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் உங்களால் வித்தியாசம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ஏன் காசு கட்டிப் பார்க்கும் வீடியோ மட்டும் அதே மானிட்டரில் கலங்கலாக வருகிறது, அல்லது வரவே மாட்டேன் என்கிறது? வரவிடாமல் ஒருவர் தடுக்கிறார். அவர் பெயர் ஹெச்டிசிபி. இன்டெல் உருவாக்கிய பூட்டு அது. படத்தை அனுப்பும் கருவி முதலில் மானிட்டரைப் பார்த்து, 'உன்னிடம் சாவி இருக்கிறதா?' என்று கேட்கும். ஹெச்டிஎம்ஐயில் வந்த மானிட்டர் பதில் சொல்லும். விஜிஏவில் இந்தக் கேள்விக்கே இடம் கிடையாது. பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பது வீடியோ கம்பெனியின் முடிவு: சிலர் 480பிக்கு இறக்கிவிடுவார்கள், சிலர் திரையை இருட்டாக்கிவிடுவார்கள். கேபிளால் முடியாததல்ல இது, கேபிளை நம்பாதது.

இது தானாக நடந்ததுமில்லை. ப்ளூ-ரே தட்டுகளின் பூட்டான ஏஏசிஎஸ் உரிமத்திலேயே நாள் குறித்தார்கள். 2010 டிசம்பர் 31-க்குப் பிறகு தயாராகும் பிளேயர்கள் அந்தப் படங்களை அனலாக்கில் சாதாரண தரத்தில் மட்டுமே தரலாம். 2013 டிசம்பர் 31-க்குப் பிறகு தயாராகுபவை அனலாக்கில் தரவே கூடாது. இதற்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் 'அனலாக் அஸ்தமனம்'. சூரியன் தானாக மறைகிறதாம். கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டு அஸ்தமனம் என்று பெயர் வைக்கும் கவித்துவம் மார்க்கெட்டிங் ஆட்களுக்குத்தான் வாய்க்கும்.

இதில் யார் நஷ்டப்படுகிறார்கள்? ஸ்ரீவில்லிபுத்தூரில் என் சித்தப்பா மகளின் மகள் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாள். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாத தூரம்தான், ஆனாலும் தினம் கோச்சிங் போய்வர வீட்டு வேலை விடாது. அதனால் ஆன்லைன் வகுப்பு. அவள் அம்மா நகைச்சீட்டு எடுத்துக் கட்டிய பணம். ஏதோ ஓர் ஆபீஸைக் காலி செய்தபோது வாங்கிய இருபத்திரண்டு இன்ச் மானிட்டர், முழு 1080பி, பின்னால் விஜிஏ மட்டும். லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ மட்டும். நடுவில் ஒரு கன்வெர்ட்டர். யூடியூப் பளிச்சென்று ஓடுகிறது. பணம் கட்டிய வகுப்பைத் திறந்தால் கறுப்புத் திரை. "மாமா, சார் பேசுறது கேக்குது, போர்டுதான் தெரியல" என்று போனில் சொன்னாள். ரேஷியோ கணக்கை யாராவது காதால் போட முடியுமா?

அவளுக்கு வந்த ஆலோசனைகளைக் கேளுங்கள். "புது மானிட்டர் வாங்கச் சொல்லு." எட்டாயிரம் ரூபாயை ஏதோ பால்கோவா வாங்குகிற காசு மாதிரி சொல்கிறார்கள். "போன்ல பாக்கலாமே." பார்க்கலாம், ஆறு இன்ச்சில், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம். நன்றாக ஓடுகிற மானிட்டரைக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த வாரம் மின்கழிவு பற்றி உருக்கமாகப் பதிவு போடுவதும் இவர்களேதான்.

திருட்டைத் தடுக்கத்தானே பூட்டு என்பார்கள். ஹெச்டிசிபியின் மூலச் சாவி 2010 செப்டம்பரில் இணையத்தில் வெளியானது, அது நிஜச் சாவிதான் என்று இன்டெல்லே ஒத்துக்கொண்டது. புதுப்படம் வந்த அன்றைக்கே 1080பியில் எங்கே கிடைக்கும் என்று நம் ஊர்ப் பையன்களுக்குத் தெரியும். அந்தக் கோப்பை விஜிஏ மானிட்டரில் ஓட்டினால் ஒரு பிக்சல் குறையாமல் தெரியும். திருடியவனுக்கு ஹெச்டி, கட்டணம் கட்டியவளுக்குக் கறுப்புத் திரை. இந்தப் பூட்டு வேலை செய்கிறது என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்?

இத்தனைக்கும், பழைய கருவியை மதித்தே புதியதற்கு மாற முடியும். கேபிள் டிவியை டிஜிட்டலாக்கும் சட்டத் திருத்தம் 2011-ல் வந்தது, 2017 மார்ச்சில் கடைசிக் கட்டக் கெடு முடிந்தது. வீட்டுக்கு வந்த சாதா செட்டாப் பாக்ஸின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பழைய ஓட்டைகள் இருந்தன. 2006-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த இலவசக் கலர் டிவி அதனால்தான் ஒரே நாளில் பெட்டியாகிப் போகவில்லை. கேபிள்காரர்கள்மேல் எனக்கு ஆயிரம் புகார் உண்டு, இது மட்டும் இல்லை.

இனி, என் தொழில்காரர்களிடம் ஒன்று. வீடியோ உரிமம் கொடுக்கும் சர்வரில் ஹெச்டிசிபி வேண்டுமா வேண்டாமா என்பது ஒரு செட்டிங். வைட்வைனில் அது ஒரே ஒரு மதிப்பு. ஹாலிவுட் படத்துக்கு ஒப்பந்தம் கட்டாயப்படுத்துகிறது என்றால் சரி, அதை அவர்களோடு சண்டை போடலாம். குரூப் 4 கணக்கு வகுப்புக்கு யார் கட்டாயப்படுத்தினார்கள்? எந்த ஸ்டூடியோ வந்து மிரட்டியது? யாரோ ஒருவர் மாதிரி கோடை அப்படியே ஒட்டிவிட்டு, 'செக்யூரிட்டி டைட்டாக இருக்கிறது' என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். அவருடைய மேஜையில் 4கே மானிட்டர் இரண்டு இருக்கும், அதனால் ஒருநாளும் அவருக்கு இது தெரிய வராது. டெஸ்டிங் லேபில் ஒரு விஜிஏ மானிட்டரை வையுங்கள்.

கடைகளில் ஹெச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். அவற்றில் சில, பூட்டின் கேள்விக்குத் தாங்களே பதில் சொல்லிவிட்டுப் படத்தைத் திறந்தபடி அனுப்பிவிடும். டப்பாவில் அப்படி எழுதியிருக்காது, விற்பவருக்குத் தெரியும். இது குற்றமா என்று அவள் கேட்டாள். அமெரிக்காவின் 1998 சட்டம் பூட்டை உடைப்பதையே தடுக்கிறது. நம்முடைய காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு அப்படியில்லை. உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் அதில் தண்டனை, இரண்டு வருஷம் வரை சிறையும் அபராதமும். சட்டம் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகச் செய்வதை அதே பிரிவு விலக்கி வைக்கிறது. தான் பணம் கட்டிய வகுப்பைத் தன் வீட்டு மானிட்டரில் பார்ப்பதில் என்ன உரிமை மீறல் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பெட்டியை வாங்கச் சொல்லிவிட்டேன். கூடவே அந்தக் கம்பெனிக்கு, எந்த செட்டிங்கை எப்படி மாற்ற வேண்டும் என்று நாலே வரியில் ஒரு மெயிலும் எழுதி அனுப்பியிருக்கிறேன், தமிழிலேயே.