சவ்வின் மீது சுமத்தப்படும் பழி

நமது வீடுகளின் சமையலறைச் சுவர்களில் இப்போது புதிய தெய்வமொன்று குடியேறியிருக்கிறது. ஆர்.ஓ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் குடிநீர் இயந்திரமே அது. பாடசாலையில் விஞ்ஞானம் கற்றோர் நேர்மாறு பிரசாரணம் என்று அதனை அறிவர். இந்தத் தெய்வம் வரங்கொடுக்க மறுக்கும் நாளில், அதாவது குழாயிலிருந்து நூல்போல் நீர் வடியத் தொடங்கும் நாளில், பூசாரி வருகிறார். அவர் உச்சரிக்கும் மந்திரம் எப்போதும் ஒன்றுதான்: “மெம்பிரேன் போய்விட்டது, மாற்றவேண்டும்.”

இந்த மந்திரம் பெரும்பாலும் பொய் என்பதே எனது வாதம். வேண்டுமென்று சொல்லும் பொய்யாக அது இராமலிருக்கலாம்; அளந்து பாராமற் சொல்லும் பொய்யாக இருக்கலாம். பணம் கொடுப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வலிகாமத்தில் வசிக்கிறார். பதினான்கு மாதங்களில் இரண்டு முறை அவருடைய இயந்திரத்துக்குச் சவ்வு மாற்றப்பட்டது. இரண்டு முறையும் சில நாட்கள்கூட நீர் ஒழுங்காக வரவில்லை. “உங்கள் கிணற்றுத் தண்ணீர் அப்படி, ரீச்சர்” என்று விற்பனையாளரின் ஆள் கையை விரித்துவிட்டார். கடைசியில் வேறொரு திருத்துநர் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். இயந்திரத்தினுள் இருந்த சிறிய பம்பி முனகிக்கொண்டிருந்ததேயன்றி அழுத்தம் தரவில்லை. முள் 20 இறாத்தலைத் தாண்டவில்லை. பழுதானது பம்பி, தண்டனை பெற்றது சவ்வு, அபராதம் செலுத்தியது ஓய்வூதியம்.

சவ்வு தானாக வேலைசெய்யும் பொருளன்று என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். நீரை அதனூடாகத் தள்ளுவதற்கு வலு வேண்டும். வீட்டுச் சவ்வுகள் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 50 முதல் 60 இறாத்தல் வரையான அழுத்தத்தை, அதாவது சுமார் 4 பாரினை, எண்ணியே தரப்படுத்தப்படுகின்றன. நமது வீடுகளில் நீர் வருவது எங்கிருந்து? கூரைக்கு மேலுள்ள பிளாஸ்ரிக் தாங்கியிலிருந்து. பத்து மீற்றர் உயரமான நீர் தரும் அழுத்தம் ஏறக்குறைய 1 பார் மட்டுமே. தாங்கி ஐந்து மீற்றர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது அரை பார். வெறும் 7 இறாத்தல். லீற்றருக்கு 1000 மில்லிகிராம் உப்புக் கரைந்துள்ள நீரோ ஏறத்தாழ 10 இறாத்தல் அழுத்தத்தோடு சவ்வில் எதிர்த்து நிற்கும். ஏழு பத்தை வெல்லுமா? பம்பியில்லாத இயந்திரத்தை இத்தகைய வீட்டுக்கு விற்பவர் வியாபாரம் செய்யவில்லை. சுவருக்கு அலங்காரம் விற்கிறார்.

நீர் குறைவாக வருவது வெறும் அசௌகரியம் என்று எண்ணுவோர் உளர். அதுவே பெரிய ஆபத்து. அழுத்தம் குறையும்போது சவ்வினூடாகச் செல்லும் நீர்தான் குறைகிறது. ஊடுருவிச் செல்லும் உப்பு ஏறக்குறைய அதே அளவிலேயே இருக்கிறது. ஆகவே சொட்டுச் சொட்டாகச் சேரும் நீரில் உப்பின் செறிவு அதிகம். நைத்திரேற்றும் அவ்வாறே. குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில், தோட்டத்துப் பசளையும் மலகூடக் குழியும் கிணற்றோடு உறவாடும் ஊர்களில், இது சிறு விடயமன்று. நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனைத் தாண்டிய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால் பச்சிளங் குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழக்கலாம். இயந்திரம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கொடுக்கப்படும் நீர், இயந்திரமற்ற வீட்டு நீரைவிட ஏமாற்றமானது.

என்ன செய்யலாம்? பணம் செலவழிக்குமுன் வரிசையாகப் பாருங்கள்.

முதலில் நீர் உட்புகும் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா, குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து பம்பியின் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, முன்வடிகட்டிகள். ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டியவை இவை. மண்ணிறமான கிணற்று நீரென்றால் இன்னும் விரைவில். இவை அடைபட்டால் சவ்வுக்கு நீரே போய்ச் சேராது. நான்காவது, காற்றழுத்தத் தாங்கி உள்ள இயந்திரமாயின் அதன் நீரை முழுதாக வெளியேற்றிவிட்டு ரயர் அழுத்தமானியால் அளவுங்கள். 7 அல்லது 8 இறாத்தல் இருக்கவேண்டும். குறைவென்றால் சைக்கிள் பம்பே போதும். காற்று வால்வினால் நீர் கசிந்தால் உள்ளேயுள்ள றப்பர்ப் பை கிழிந்துவிட்டது; தாங்கியைத்தான் மாற்றவேண்டும். தாங்கி கனக்கிறது, குழாயில் மட்டும் வரவில்லையென்றால் காற்றையும் கடைசி வடிகட்டியையும் சந்தேகியுங்கள்.

ஐந்தாவதாக, கழிவுக் குழாயையும் நல்ல நீர்க் குழாயையும் தனித்தனிப் போத்தல்களில் ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். பொதுவாக நல்ல நீர் ஒரு பங்கென்றால் கழிவு மூன்று அல்லது நான்கு பங்கு. கழிவு மிகக் குறைந்தால் அதன் கட்டுப்படுத்தி அடைபட்டிருக்கிறது. சுண்ணாம்புப் படிவு சவ்வை மூடப்போகிறது. கழிவு கொட்டோ கொட்டென்று கொட்டினால் கட்டுப்படுத்தி செயலிழந்து அழுத்தத்தை ஓடவிடுகிறது.

இத்தனையும் சரியாக இருந்த பின்னரே சவ்வுக்குக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யலாம். அதிலும் வேறுபாடுண்டு. சுண்ணாம்பு படிந்த சவ்வு நீரைக் குறைக்கும். குளோரின் அரித்த சவ்வோ நீரைத் தாராளமாக விட்டு, உப்பையும் கூடவே விடும். வெள்ளத்தின் பின்னர் கிணற்றுக்குக் குளோரின் இடுவோர், கரி வடிகட்டி நல்ல நிலையில் உள்ளதா என்று பார்த்துக்கொள்வது நன்று.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு சொல். ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ மாரிகாலத்தில் உங்கள் இயந்திரம் மெதுவாக ஓடினால் பதறவேண்டாம். 5 பாகை நீர், 25 பாகை நீர் தரும் அளவில் ஏறக்குறைய அரைவாசியையே தரும். அது குளிரின் குணம், சவ்வின் குற்றமன்று.

“திருத்துநரும் பிழைக்க வேண்டாமா?” என்று கேட்பார்கள். பிழைக்கட்டும். அளந்து பார்த்ததற்குக் கூலி வாங்கட்டும், மகிழ்ச்சியோடு கொடுப்போம். அளக்காமல் மாற்றியதற்கு ஏன் கொடுக்கவேண்டும்?

இதற்கெல்லாம் பின்னால் பெரிய கேள்வியொன்று நிற்கிறது. சுன்னாகத்தில் அனல் மின் உற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெயால் கிணறுகள் கெட்ட வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் மக்கள் போத்தல் நீரையும் பவுசர் நீரையும் நம்பிக் கிடந்தார்கள். தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அங்கும் இதே சவ்வுதான். ஆனால் அங்கே அழுத்தத்தை அளக்கப் பொறியியலாளர் இருக்கிறார். சமையலறையில் யார் இருக்கிறார்? பொதுநீரைக் காக்கத் தவறிய சமூகம், ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனி நீர்வழங்கற் சபையாக்கிவிட்டு, கருவியை மட்டும் தந்து அறிவைத் தரமறுக்கிறது.

கோரிக்கை எளியது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இரண்டைச் செய்யவேண்டும். குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று பெட்டியின் மேல் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடவைக்க வேண்டும். சவ்வு மாற்றும் ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் உட்புகும் அழுத்தம், உட்புகும் நீரின் உப்பளவு, வெளிவரும் நீரின் உப்பளவு ஆகிய மூன்றையும் எழுதவைக்க வேண்டும்.

சபை விழித்தெழும் வரை நாமே அந்த மூன்று இலக்கங்களையும் கேட்போம். அவற்றைச் சொல்ல முடியாதவர் நம் வீட்டு இயந்திரத்தைத் தொடவேண்டியதில்லை.