குளக்கோட்டனுக்குப் பிரஜாவுரிமை உண்டா?

திருகோணமலைப் பட்டினத்திலே பிறந்து, அதன் கடற்காற்றிலேயே தலை நரைத்துப்போன எனக்கு, "பிழைக்க வந்தவனுக்கு வாக்கு எதற்கு?" என்ற வாசகம் புதியதன்று. பாலனாயிருந்த காலத்தில் கடைத் திண்ணைகளிலும், வாலிபப் பருவத்தில் தேர்தல் மேடைகளிலும், உத்தியோகம் பார்த்த நாட்களில் கந்தோர் மேசைகளுக்கு இடையிலும் அதைக் கேட்டுக் கேட்டு, கண்ணில் விழுந்த கடல்மணலைப்போல அது என்னைப் பல வருஷங்களாக உறுத்திக்கொண்டேயிருக்கிறது. மலையக மக்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கென்று இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நடந்ததல்லவா? அதற்குச் சில மாதங்களின் பின், எங்கள் ஊர் மண்டபமொன்றிலே, ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர் ஒருவர், கோணேசப் பெருமானையும் குளக்கோட்ட மன்னனையும் வாழ்த்தி, தந்தை செல்வாவின் படத்துக்கு மாலையும் சாத்திவிட்டு, "அவர்களுக்காக மனம் இரங்குவது வேறு, 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பிழை என்பது வேறு" என்று ஆரம்பித்து, முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்து, கடைசியில் அதே வாசகத்தைச் சிதறுதேங்காய்போல மேடையில் அடித்து உடைத்தார். சபையோர் கைதட்டினார்கள். கைதட்டாதிருந்த என்னைப் பக்கத்திலிருந்தவர் ஒருமாதிரிப் பார்த்தார். அவருக்கும் பிரசங்கியாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

பிரசங்கியாரின் முதலாவது வாதம், அவர்கள் கூலிக்கு வந்தவர்கள், கூலி கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்பது. கூலி வாங்கியதனால் வாக்குரிமை போய்விடுமாயின், முப்பத்தைந்து வருஷம் சம்பளமும் இன்றுவரை ஓய்வூதியமும் வாங்குகிற அவர் எந்த முகத்தோடு வாக்குச்சாவடிக்குப் போகிறார் என்று கேட்டு அப்பால் செல்கிறேன்.

இரண்டாவது வாதம், அவர்கள் இரண்டு தோணியில் கால் வைத்தவர்கள், மனம் முழுவதும் இந்தியாவில், இங்கே விசுவாசம் இல்லை என்பது. விசுவாசத்தை அளக்கும் கோல் ஒன்று அவர் வீட்டில் இருக்கிறது போலும். இருந்தால் அதை எங்கள் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து அளந்திருக்கலாம். 1947ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே இலங்கைத் தலைவர்கள் பிரித்தானியாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றிலே கையொப்பமிட்டார்கள். அதன் பயனாக, சுதந்திரம் வந்த பின்னும் 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் வரை, எங்கள் குடாவிலே பிரித்தானியக் கடற்படையின் கொடி பறந்துகொண்டேயிருந்தது. அந்தக் கொடியின் கீழ் நின்ற மாலுமியிடம், "உன் தகப்பனார் எங்கே பிறந்தார்?" என்று எவரும் கேட்கவில்லை. அந்த மாலுமியின் கப்பலைச் சுரண்டித் துடைத்து வர்ணம் பூசிய தொழிலாளியிடம், இராமநாதபுரத்திலிருந்தோ மலையாளக் கரையிலிருந்தோ வந்து டொக்யார்ட்டிலே முதுகு வளைந்துபோனவனிடம் மாத்திரமே, அதே காலத்தில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. பீரங்கியோடு வந்தவன் விருந்தாளி, சுத்தியலோடு வந்தவன் அந்நியன் என்பது எந்த நியாய சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது என்று பிரசங்கியார் சொல்லவில்லை.

மூன்றாவது வாதம், அவர்களுக்கு வாக்குக் கொடுத்தால் மலைநாட்டின் பூர்வ குடிகள் எண்ணிக்கையில் மூழ்கிப்போவார்கள் என்பது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே, 95 ஆசனங்களில், தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் வென்றவை 7. ஏழு ஆசனத்தில் ஒரு நாடு மூழ்கியதாயின் அந்த நாட்டின் ஆழம் முழங்கால் அளவுதான் இருந்திருக்க வேண்டும். மேலும், சோல்பரி அரசியலமைப்பின் கீழ் 75,000 தலைக்கு ஓர் ஆசனம் என்று கணக்கிட்டபோது, தோட்டத் தொழிலாளியின் தலையும் சேர்த்தே எண்ணப்பட்டது. அடுத்து அவன் வாக்குப் பறிக்கப்பட்டது. அவன் தலையினால் கிடைத்த ஆசனங்களோ திருப்பிக் கொடுக்கப்படவில்லை. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே அவன் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. அவனால் உண்டான ஆசனத்தில் வேறொருவர் சுகமாக அமர்ந்திருந்தார். யார் யாரை மூழ்கடித்தார்கள்?

நான்காவதாக, 1953ஆம் ஆண்டு கோடகன்பிள்ளை வழக்கிலே பிரிவிக் கவுன்சிலே 1948ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டதாம். செல்லும் என்றுதான் தீர்ப்பு, நல்லது என்றன்று. செல்லாக்காசு அல்ல என்பதனால் திருடிய காசு சொந்தக் காசாகிவிடுமா?

இனி, பிரசங்கியார் பிரம்மாஸ்திரமாக எண்ணிக் கடைசிவரை கைக்குள் வைத்திருந்த வாதத்துக்கு வருகிறேன். "கதவு திறந்தே இருந்தது, 1949ஆம் ஆண்டிலே இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்து, வாருங்கள், விண்ணப்பியுங்கள் என்று அரசாங்கம் அழைத்தது, அவர்கள்தாம் வரவில்லை" என்றார். இலங்கை இந்திய காங்கிரஸ் அச்சட்டத்தை முதலில் பகிஷ்கரித்தது என்பதை மூன்று முறை சொன்னார். 1951ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தவணை முடிவதற்குள் ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் சார்பிலே போய்ச் சேர்ந்தன என்பதையும், அவர்களுள் பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேரே என்பதையும் ஒருமுறையேனும் சொன்னாரில்லை. கதவு திறந்திருந்தது மெய். உள்ளே நின்றவரின் கை வெளியே தள்ளிக்கொண்டிருந்ததும் மெய்.

அந்தக் கதவின் உயரத்தை நான் அறிவேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவரை, பிள்ளைகளாகிய நாங்கள் டொக்யார்ட் மாமா என்று அழைப்போம். இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து வாலிபனாக வந்தவர்; இந்த ஊரிலேயே கலியாணம் செய்து, இந்த ஊரிலேயே கிணறு வெட்டி, நாங்கள் எல்லோரும் அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடித்தோம். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீதும் சீனக்குடாவின்மீதும் குண்டு பொழிந்தபோது, பட்டினமே கலைந்து காடும் கிராமமும் ஏறியதை வயோதிபர்கள் அறிவார்கள். மாமா கர்ப்பிணியான மனைவியைக் கூட்டிக்கொண்டு தமது கிராமத்துக்குப் போனார். பதினான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்து மறுபடியும் டொக்யார்ட்டில் வேலைக்கு நின்றார். சட்டமோ, 1946ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் தேதிக்கு முந்திய காலத்தில், விவாகமானவர் ஏழு வருஷமும் மற்றவர் பத்து வருஷமும் இடைவிடாது வசித்திருக்க வேண்டும் என்றும், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் வாசம் அறுந்துபோகும் என்றும் விதித்திருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுமுன் இந்த விதியை மாமாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. இரண்டு மாதத்தினால் அவர் அந்நியரானார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதத்தை, எழுதப்படிக்கத் தெரியாத அவர், என் தகப்பனாரிடம் கொண்டுவந்து கொடுத்து, "வாத்தியார், கிடைச்சிட்டுதாமா?" என்று கேட்டதாகவும், தாம் மூன்று தரம் வாசிப்பதுபோலப் பாவனை செய்து நேரங் கடத்தியதாகவும் அப்பா பிற்காலத்தில் சொல்லுவார்.

ஏழைத் தொழிலாளியின் கதையைச் சொல்லிக் கண்ணீரை விலைபேசுகிறேன் என்று பிரசங்கியார் கருதக்கூடும். ஆதலால், அவரே வாழ்த்திய ஒரு ராஜாதிராஜனை அதே கதவுக்கு முன் நிறுத்திப் பார்ப்போம்.

எங்கள் கோயிற் பெருமையைச் சொல்லும் கோணேசர் கல்வெட்டின்படி, குளக்கோட்டன் சோழநாட்டு அரசகுமாரன். கடல் கடந்து வந்து திருக்கோயிலைத் திருப்பணி செய்தவன். கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் என்று ஊர் முழுவதும் கொண்டாடப்படுபவன். நல்லது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு உத்தியோகத்தர் மேசையில் அமர்ந்திருக்கிறார். மன்னன் கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறான். இலங்கையில் பிறந்தாயா? இல்லை. வெளியே பிறந்தவனாயின், உன் தகப்பனும் தந்தைவழிப் பாட்டனும் இலங்கையில் பிறந்தவர்களா? இல்லை, சோழநாடு. பாட்டனும் பூட்டனுமாவது? அவர்களும் சோழநாடே. பிறப்புச் சாட்சிப் பத்திரம்? கல்வெட்டு இருக்கிறது, ஐயா. கல்வெட்டுச் செல்லாது, அடுத்தவர் வரலாம்! மன்னனுக்கு ஒரேயொரு வழி மிச்சமுண்டு. பொதுச் சேவையிலோ தொழிலிலோ பெயர்பெற்றவர்களுள் வருஷத்துக்கு 25 பேர் வரை மந்திரி பார்த்துப் பிரஜையாகப் பதியலாம் என்று அச்சட்டத்தில் ஒரு கருணைப் பிரிவு இருந்தது. மந்திரிக்குக் குளத்தின்மேல் பிரியம் இருந்தால் குளக்கோட்டன் தப்பலாம். அவன் குளத்திலே மண் சுமந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

மன்னனை விடுங்கள். அவன் கோயிற் பணிக்கென்று மருங்கூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் குடிகளை அழைத்துவந்து, தானத்தார் என்றும் வரிப்பத்தார் என்றும் தொழும்பு வகுத்துக் காணி கொடுத்து இருத்தினான் என்பதும் அதே மரபுதான் கூறுகிறது. வேலைக்கென்று கடல் கடந்து அழைத்து வரப்பட்டவர்கள். வேலைக்கு ஈடாக நிலம் பெற்றவர்கள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே தங்கிவிட்டவர்கள். பிரசங்கியாரின் அகராதிப்படி இவர்களுக்கு என்ன பெயர்? மண்டபம் முகாமிலே நாட்கணக்கில் மறித்துவைக்கப்பட்டு, மருத்துவ சோதனைக்கு உட்பட்டு, அரசாங்கம் அறிய, கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளியைக் கள்ளத்தோணி என்றும் தோட்டக்காட்டான் என்றும் அழைக்கும் நாவு, காரைக்காற் குடிகளை மாத்திரம் தொன்மைக்குடி என்று அழைப்பதற்குக் காரணம், அவர்கள் சற்று முந்திய தோணியில் வந்தார்கள் என்பதைத் தவிர வேறென்ன?

அத்தாட்சிப் பத்திரம் இல்லாதவன் பிரஜையல்லன் என்பதையும் சற்று யோசிப்போம். இந்நாட்டிலே பிறப்புப் பதிவு ஒழுங்காகக் கட்டாயமானதே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். 1948இல் நாற்பது, ஐம்பது வயதான ஒருவன் தன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு எழுத்து எங்கே தேடுவான்? நம்மவர்களிடம் அந்தக் கடதாசியை எவரும் கேட்காததனாலேயே நாம் பூர்வ குடிகளாயினோம். பின்னாளில் நமக்கும் அந்த அனுபவம் வாய்த்தது. 1990ஆம் ஆண்டு யுத்த இடப்பெயர்விலும், 2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் உள்ளே வந்தபோதும், இந்த மாவட்டத்தில் எத்தனை குடும்பங்கள் பெட்டியோடு பத்திரத்தையும் இழந்தன! நடமாடும் சேவை என்று மேசை போட்டு, அயலவரின் சொல்லையும் விதானையாரின் கையெழுத்தையும் ஆதாரமாகக் கொண்டு புதுப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அந்த வரிசையில் பிரசங்கியாரின் இனத்தவரும் நின்றார்கள்; நானும் நின்றேன். "பதினான்கு மாதம் எங்கே போயிருந்தாய்?" என்று எங்களை யாரும் கேட்கவில்லை.

மாமாவின் கதையின் மிச்சத்தை இரண்டு வரியில் முடிக்கிறேன். கடற்படைத் தளம் கைமாறியதும் வேலை போயிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் தேதி, இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியாரும் இந்திய வம்சாவளியினரான 9,75,000 மனிதர்களை எடுத்து, 5,25,000 உனக்கு, 3,00,000 எனக்கு, மிச்சம் பிறகு பார்ப்போம் என்று பாகம் பிரித்தபோது, மாமா இந்தியாவின் பங்கில் விழுந்தார். இந்த ஊரிலே பிறந்த மனைவியோடும், பிள்ளைகளோடும் தலைமன்னாரில் கப்பலேறினார். போன இடத்தில் அவருக்குக் கிடைத்த பெயர், சிலோன்காரன்.

பிரசங்கியாரின் மூத்த மகன் லண்டனில் இருக்கிறார். மேடையில் அவரே பெருமையோடு சொன்னார். பொதுநலவாய நாட்டுப் பிரஜை சட்டப்படி அங்கே குடியிருந்தால், பிரித்தானியப் பிரஜையாகாமலே பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்பது அந்நாட்டு வழக்கம்; நியூசிலாந்து 1975ஆம் ஆண்டு முதல் நிரந்தரவாசிகளுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறது. 2011ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணத்தில் பிறந்த ராதிகா சிற்சபைஈசன் கனடியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானபோது, நம்மூர்ப் பத்திரிகைகள் படம் போட்டுக் கொண்டாடின. அவருடைய பாட்டனார் ஒன்ராறியோவில் பிறந்தாரா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இனவாதம் என்று முதலில் குரல் எழுப்பியிருப்பவர் நம் பிரசங்கியாரே. ஆகவே, பிழைக்கப் போனவனுக்கு வாக்கு உண்டு, பிழைக்க வந்தவனுக்குத்தான் இல்லை என்பதே அவருடைய சித்தாந்தத்தின் திருத்திய பதிப்பு.

மண்டபம் முகாமைப் பற்றி மேலே சொன்னேன். தோட்டத் தொழிலாளி இங்கே வருமுன் தங்கிய அதே மண்டபத்திலேதான், 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின் இங்கிருந்து படகேறிப் போன நம்மவர்களுக்கு அகதி முகாம் அமைந்தது. அவர்களுட் பலர் நாற்பது வருஷம் அங்கே வாழ்ந்தும், பிள்ளை பெற்றும், பேரப்பிள்ளை கண்டும் பிரஜைகளாகவில்லை. 2019ஆம் ஆண்டில் இந்தியா பிரஜாவுரிமைச் சட்டத்தைத் திருத்தி மூன்று நாடுகளைப் பெயர்சொல்லிச் சேர்த்தபோது, நம் நாட்டின் பெயர் அதில் இல்லை. அங்கே ஒருவர் மேடையேறி, "பிழைக்க வந்தவனுக்கு வாக்கு எதற்கு?" என்று கேட்டால், பிரசங்கியார் இங்கிருந்து கண்டனத் தந்தி அடிப்பாரா, கைதட்டுவாரா?

1956ஆம் ஆண்டு ஆகஸ்டில் இதே திருகோணமலையிலே கூடிய, பிரசங்கியார் மாலை சாத்திய அதே தந்தை செல்வாவின் தமிழரசுக் கட்சி மாநாடு வைத்த நான்கு கோரிக்கைகளுள், பிரஜாவுரிமைச் சட்டங்களை நீக்குவதும் ஒன்று. அரசாங்கமே 2003ஆம் ஆண்டில், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வசித்தவர்களும் அவர்கள் சந்ததியாரும் பிரஜைகள் என்று சட்டமியற்றி, வாசமே போதும் என்று ஒப்புக்கொண்டது. ஒருவன் ஓரிடத்தில் சட்டப்படி வந்து, வாழ்ந்து, வரி கொடுத்து, அவ்விடத்துச் சட்டத்துக்குத் தலை வணங்குகிறானாயின், அச்சட்டத்தை ஆக்குகிறவரைத் தெரிவு செய்ய அவனுக்கும் ஒரு புள்ளடி உண்டு என்பதற்கு இதைவிட நீண்ட தத்துவம் எனக்குத் தெரியாது.

பிரசங்கியாருக்கு ஒரே ஒரு விண்ணப்பம். இதற்குத் தவணையும் இல்லை, அத்தாட்சியும் வேண்டாம். அடுத்த கூட்டத்திலே குளக்கோட்டனை வாழ்த்தி ஆரம்பிப்பதாயின், அந்த வாசகத்தால் முடிக்காதிருக்கட்டும். அதனால்தான் முடிப்பேன் என்பாராயின், குளக்கோட்டனைச் சோழநாட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டு ஆரம்பிக்கட்டும். தலைமன்னாரில் கப்பல் இப்போது இல்லை. அதற்கு வேறு ஒழுங்கு அவரே செய்யவேண்டும்.