தமிழும் மாறிய மொழிதான்

திராவிட மொழிகளுக்கெல்லாம் மூதாதையான தொல்திராவிடம் என்று ஒன்று கிடையாதாம். உடுக்குறி (*) போட்டு எழுதும் மூலச் சொற்கள் எல்லாம் வெள்ளைக்காரன் கற்பனையாம். தமிழே நேரடி வேராம். ஸ்ரீரங்கத்து மேடையொன்றில் ஒருவர் இப்படி முழங்கிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறார். அந்தக் கைதட்டல்தான் என்னை எழுத வைக்கிறது.

அவர் காட்டிய முதல் சான்று அரங்கம். அது அகரத்தை இழந்து வடமொழியில் ரங்கம் ஆனதாம். தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது. வெளியிலிருந்து வரும் சொல்லுக்கும் முன்னால் ஓர் உயிரெழுத்தை ஒட்டித்தான் உள்ளே விடுவோம்: ரம்பா அரம்பை ஆனாள், ரத்னம் அரதனம் ஆயிற்று. ஆகவே அகரம் இருப்பதை மட்டும் வைத்து எது மூத்தது என்று தீர்ப்பளிக்கவே முடியாது. அரங்கத்துக்கு ஆற்றிடைக்குறை என்ற பொருளும் தமிழில் உண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஊரில் நின்று பேசியவர் அதைப் பிடித்திருந்தால் வாதமாவது மிஞ்சியிருக்கும். காதுக்கு ஒத்து ஒலித்தால் போதும் என்று நினைத்துவிட்டார். சம்பந்தர் பாடிய சிராப்பள்ளியைத் திரிசிரன் என்ற அரக்கனின் ஊராக்கியதும் இதே பழக்கம்தான்.

கற்பனை என்கிறாரே, எதை? திராவிட மொழிகளை ஒப்பிட்டு எல்லிஸ் 1816-லும் கால்டுவெல் 1856-லும் போட்ட தடத்தில் மொழியியலாளர்கள் பர்ரோவும் எமனோவும் 1961-இல் திராவிடச் சொற்பிறப்பு அகராதியைத் தந்தார்கள். எமனோ நீலகிரியில் தோடரோடும் கோத்தரோடும் இருந்து அவர்கள் பேச்சைப் பதிவு செய்தவர். திபெத்திய, பர்மிய, சீனச் சொற்களை நிரைப்படுத்தி அவற்றின் மூதாதையைத் தேடுவோரும் இதே ஒப்பீட்டு முறையைத்தான் கையாளுகிறார்கள். ஐந்துக்குத் திபெத்திய எழுத்துமொழியிலும் பர்மியத்திலும் காண்டனீசிலும் ஙகர ஒலி இருக்கிறது; மாண்டரின் மட்டும் அதை இழந்து 'வூ' என்கிறது. பெரிய மொழி என்பதற்காக அதையே வேர் என்று அங்கே யாரும் கொள்வதில்லை.

நம் செவி கன்னடத்தில் கிவி, துளுவில் கெபி. இகர எகரங்களுக்கு முன் ககரம் சகரமாவது உலக மொழிகள் பலவற்றில் நடப்பது; சகரம் ககரமாவது மிக அரிது. இங்கே மாறியது தமிழ். மற்ற மொழிகள் பல தொலைத்த ழகரத்தைக் காத்ததும் அதே தமிழ்தான். அந்தப் பெருமையை நமக்கு உறுதிசெய்ததும் அவர் பழிக்கும் இந்த ஒப்பீடுதான்.

திராவிட மொழியான கோண்டியில் ஐந்து 'சையுங்', ஆறு 'சாருங்', உப்பு 'சோவர்'. மூன்றிலும் தமிழில் இல்லாத சகரம் முன்னால் நிற்கிறது. கோண்டர்களே பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது என்று அவர் சொல்லக்கூடும். அப்படியானால் ஏழுக்கு அவர்கள் ஏன் 'யேருங்' என்கிறார்கள்? அங்கே சகரத்தை ஒட்டாமல் விட்டது எந்த விதியால்? அடுத்த மேடையில் இதற்கு விடை சொல்லிவிட்டு அவர் வேரைப் பற்றிப் பேசட்டும்.