விதைத் தானியத்தைக் காப்போம்

பஞ்சம் எவ்வளவு கடுமையாயினும் சேர்வராயன் மலைக் குடியானவன் விதைச் சாமையில் கை வைக்கத் துணியான். பசி இன்றைய துன்பம், விதை நாளைய வாழ்வு என்பதை அவன் அறிவான். இந்த விவேகம் நமது ஆஸ்பத்திரிகளில் ஒரு விஷயத்தில் பெரும்பாலும் காணப்படவில்லை. புற்றுநோய் கண்ட இளம் பிராயத்தினரின் சந்தான சக்தியைச் சிகிச்சைக்கு முன்பே காப்பாற்றி வைக்கும் விஷயமே அது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ம் வருஷத்தில் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை நிறுவியபோது, இந்நோய் வந்தவர் பிழைப்பது அரிது. இன்றோ இரத்தப் புற்று முதலியவை கண்ட சிறுவர் சிறுமியரில் பலர் குணமடைகின்றனர். பிழைத்தவர் எவ்வாறு வாழ்வார் என்ற கேள்வி ஆகையால் இப்போது எழுகிறது. ஸைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளும், இடுப்புப் பகுதியில் செலுத்தும் கதிர்களும் நோயை அழிப்பதோடு கருமுட்டைகளையும், விந்து உற்பத்தியையும் அழித்துவிடக் கூடும். சேதத்தின் அளவு மருந்தையும் வயதையும் பொறுத்தது.

இதற்குப் பரிகாரம் உண்டு. வாலிபனின் விந்தைத் திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரி குளிரில் வைத்துவிடலாம். அதற்கு ஒரு நாள் போதும். வயது வந்த பெண்ணின் கருமுட்டைகளைச் சேமிக்கச் சுமார் இரண்டு வாரம் வேண்டும். பருவமடையாத சிறுமிக்குச் சூலகத்தின் ஒரு பகுதியை எடுத்து வைக்கும் வழி இருக்கிறது. இவ்வாறு சேமித்த சூலகத் திசுவினால் 2004-ல் பெல்ஜியத்தில் ஒரு குழந்தை பிறந்தது. பருவமடையாத சிறுவருக்கான முறை மட்டும் இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. ஆனால் எதையும் முதல் மருந்து ஏறுமுன் செய்தாக வேண்டும். பின்னர் அழுது பயனில்லை.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் தொழிலாளி நோயுற்ற மகளுடன் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு வருகிறான். அவள் உயிர் பிழைத்தால் போதுமென்பதே அவன் பிரார்த்தனை. அவள் தாயாக முடியுமா என்று கேட்க அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் நா எழாது. ஆகவே கேட்பது நோயாளியின் கடமையன்று. சொல்லுவது வைத்தியரின் கடமை. அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கம் 2006-லேயே இதை வற்புறுத்தியது. பிரான்ஸ் தேசம் 2004-ல் இதைச் சட்ட பூர்வமான உரிமையாக்கியது.

இது அந்நிய நாட்டு ஆடம்பரம் என்று எவரும் தள்ளவேண்டாம். கருவை உறைய வைத்து, பிறகு தாயின் வயிற்றில் சேர்த்து, 1978 அக்டோபர் 3-ந் தேதி கல்கத்தாவில் ஒரு குழந்தையைப் பிறப்பித்தவர் நம் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயர். அதிகார வர்க்கம் அவரை நம்ப மறுத்து அலைக்கழித்தது. 1981-ல் அவர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். அந்த அலட்சியத்தை நாம் தொடரலாமா?

மருந்துக்கே வழியில்லாத ஏழைகளுக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். பிள்ளையில்லாதவளை மலடி என்று பழிக்கும் சமூகம் இது. நோயை வென்ற பெண்ணைக் கல்யாணப் பேச்சிலே தோற்கடிக்கும் சமூகம் இது. பணக்காரர் பணம் கொடுத்துச் சேமித்துக்கொள்வர்; ஏழைக்கு மட்டும் அந்த வாசல் அடைபடுவது நியாயமாகுமா?

சட்டமும் தெளிவாயில்லை. 2021-ம் வருஷத்திய செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு, 21 வயதுக்கு மேற்பட்டவருக்கே இச்சேவை என்கிறது. பதினாறு வயதில் நோய் வந்தவர் கதி என்ன? 28-வது பிரிவு தானமாகப் பெற்ற விந்துக்கும் முட்டைக்கும், கருவுக்கும் பத்து வருஷ வரம்பு விதிக்கிறது. நோயாளி தனக்கென வைத்த விந்தையும் முட்டையையும் பற்றி அது பேசவில்லை.

நாம் கேட்பவை மூன்று. முதல் மருந்துக்கு முன் இந்த விஷயத்தை விளக்கிச் சொன்னதாக வைத்தியர் நோயாளியின் ஏட்டில் எழுதவேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இச்செலவுக்கும் இடமளித்து, சேலம் அரசாங்க ஆஸ்பத்திரியில் விந்துச் சேமிப்புக்கேனும் வசதி செய்யவேண்டும். புற்றுநோய் கண்ட இளையோருக்கு விலக்களித்துப் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தவேண்டும். உயிரைக் காக்கும் ராஜ்யம் அவ்வுயிரின் விதையையும் காப்பதே தர்மம்.